பாங்கோஸ் தட்டாத ஐட்டம்

1. முதல் நாள்

எங்கள் மெல்லிசை ட்ரூப்பில் நான் சேர்ந்த முதல் நாள், தோல் இறுகட்டும் என்று என் பாங்கோஸ் ஜோடி மேளத்தைச் சத்திரத்து வாசலில் மாலை வெயிலில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. உள்ளே கல்யாண வரவேற்புக்கு நாற்காலி போட்டு, பாதிப் பேர் வந்து உட்கார்ந்தும் விட்டார்கள். வெற்றிலையை மென்றுகொண்டே சம்பந்தம் அண்ணன் வந்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கேப் விழும். கிடார்க்காரர் தந்தியை முறுக்குவார், பாடகி தண்ணீர் குடிப்பார். அந்த நேரத்தில் மைக் முன்னால் தனியாக நின்று ஜனங்களைச் சிரிக்க வைப்பது சம்பந்தம் அண்ணனின் வேலை. பலகுரல், மோனோ ஆக்டிங், ஜோக்கு எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் ஐட்டம் என்று பேர்.

"புதுப் பையனா? பேரு இன்னா?"

"ஏகாம்பரம்ணா."

"இந்த மூஞ்சிக்கு ஏகாம்பரமா?" என்று சிரித்தார்.

என் மூஞ்சியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா இங்கே பக்கத்து ஓரிக்கைக்காரர். பிழைக்க ரங்கூனுக்குப் போய், அரிசி மில்லில் வேலை பார்த்து, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டவர். அறுபதுகளில் அங்கிருந்த நம்மவர்கள் பிழைப்புப் போய்க் கப்பலேறியபோது நாங்களும் ஏறினோம். இங்கே வந்து கொஞ்ச காலத்தில் அப்பா போய்விட்டார். அம்மாவின் பெயர் மா ஏ. தெருவில் எல்லோரும் அதை மாயம்மா ஆக்கிவிட்டார்கள். எனக்கு அம்மாவின் முகம். சின்னக் கண், சப்பை மூக்கு. பெயர் மட்டும் அப்பா வைத்தது.

"உள்ள போயி யார் யார் குந்திக்கினு இருக்காங்கனு பாத்துட்டு வாபா" என்றார் சம்பந்தம் அண்ணன்.

தலையை எண்ணச் சொல்கிறார் என்று நினைத்து எண்ணிக்கொண்டு வந்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "எத்தினி பேருனு கேக்கலபா. எந்தெந்த ஆளுங்கனு கேட்டேன். சேட்டு இருக்காரா, தெலுங்குக்காரங்க இருக்காங்களா, பாய் வந்திருக்காரா, அப்பிடிப் பாரு."

மறுபடி போனேன். முன்வரிசையில் ஜரிகை வியாபாரம் செய்யும் சேட்டு ஒருவர். பெண்கள் பக்கம் தெலுங்குப் பேச்சு நன்றாகவே கேட்டது. கடைசியில் இரண்டு பாய்மார்கள். டீக்கடை நாயர் குடும்பத்தோடு வந்திருந்தார். வந்து சொன்னேன். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல அவர் ஒவ்வொரு விரலாக மடக்கினார். சேட்டு ஐட்டம் போச்சு, தெலுங்கு ஐட்டம் போச்சு, பாய் போச்சு, மலையாளம் போச்சு. சத்திரத்து வாசலில் கூர்க்கா வேறு நின்றுகொண்டிருந்தார், அதுவும் போச்சு. கை முழுக்க மடங்கிவிட்டது. அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க ஆளுங்க யாருனா இருக்காங்களா?"

"எங்க ஆளுங்கன்னா?"

"அதாம்பா, பர்மா, சீனா, அந்தப் பக்கம்."

"இல்லண்ணா."

"அப்போ இன்னிக்கி அதான்."

என்னை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நான் மேடையில் இருப்பவன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் ஆள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கும் அது தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் பழக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு விரலால் கண்ணை இழுத்து விட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றார். பர்மியும் இல்லாத சீனமும் இல்லாத ஏதோ ஒன்றை மூக்கால் பேசினார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "நம்ம தம்பி அந்த ஊருதான். உங்க தெருவுல நாய்க்குட்டி காணமின்னா இவனக் கேளுங்க" என்றார். சத்திரமே அதிர்ந்தது. கண்ணீர் வரச் சிரித்தார்கள். பர்மா ஐட்டம் அப்படித்தான் பிறந்தது, என்னை வைத்துக்கொண்டே.

2. தட்டு

ரிதம் வாசிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜோக்கு சொல்பவர் கடைசிச் சொல்லை விட்டதும் பாங்கோஸில் ஒரு தட்டு விழ வேண்டும். சின்னதில் இரண்டு, பெரியதில் ஒன்று. முன்னால் விழுந்தால் ஜோக்கைக் கொன்றுவிடும். பின்னால் விழுந்தால் பிணத்துக்கு மருந்து கொடுத்த மாதிரி. சரியாக விழுந்தால், ஜோக்கு புரியாதவன்கூடச் சிரிப்பான். இங்கே சிரிக்க வேண்டும் என்று அவனுக்குக் காட்டிக் கொடுப்பது அந்தத் தட்டுதான்.

சம்பந்தம் அண்ணன் இதை ஒளித்து வைத்ததில்லை. "பாதி சிரிப்பு என் வாயில, பாதி உன் கையிலபா" என்று எல்லார் முன்னாலும் சொல்வார்.

ஆக, நாய்க்குட்டி ஜோக்குக்கும் நான்தான் தட்டினேன். முதல் நாள் காது சுட்டது. அப்புறம் பழகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். பழகவில்லை. ஒவ்வொரு முறையும் சுட்டது. ஆனால் கை தன் வேலையைச் செய்தது. ட்ரூப்பை விட்டால் எனக்கு வேறு இடமில்லை. இந்த முகத்தோடு போய் நின்ற இடங்களிலெல்லாம் "சீனாக்காரனா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். எத்திராஜ் மாஸ்டர் ஒருவர்தான் வாசித்துக் காட்டச் சொன்னார். அவர் எங்கள் ட்ரூப் லீடர், அக்கார்டியன் வாசிப்பவர். நான் வாசித்து முடித்ததும் "நாளைக்கி வந்துடு" என்றார். அவ்வளவுதான் இண்டர்வியூ.

சம்பந்தம் அண்ணனைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் குடும்பம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனவர் அவர். திரும்பி வந்து மேடையேறி அதே கூடையைக் கவிழ்த்துக்கொண்டவரும் அவர். இரண்டும் ஒரே ஆள்தான். எனக்கு அதுதான் பெரிய குழப்பமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பேன்.

3. ஆள் பார்க்கும் வேலை

முதல் நாளிலிருந்து அந்த வேலை என்னுடையதாகிவிட்டது. சம்பந்தம் அண்ணனுக்கு இதில் ஒரு ரூல் உண்டு. யார் நாற்காலியில் இருக்கிறார்களோ அவர்கள் ஐட்டம் அன்றைக்குக் கிடையாது. "வந்த எடத்துல மனுசன நோகடிக்கக் கூடாதுபா" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

தெலுங்குக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சேட்டை வைத்துச் சிரிப்போம். சேட்டு வீட்டில் மலையாளியை வைத்துச் சிரிப்போம். அந்தந்த வீட்டார் எங்களைத் தட்டிக் கொடுத்து, அடுத்தவரைப் பற்றி இன்னும் இரண்டு ஜோக்கு எடுத்துக் கொடுப்பார்கள். ஒருமுறை எல்லா ஆட்களும் கலந்து உட்கார்ந்துவிட்ட விழாவில் அண்ணன் குடிகாரன் ஐட்டம் ஒன்றை மட்டும் செய்து முடித்தார். குடிகாரர்கள் இருந்தாலும் யாரும் எழுந்து நின்று சண்டைக்கு வர மாட்டார்கள் அல்லவா.

பர்மா ஐட்டத்துக்கு மட்டும் என்றைக்கும் தடையில்லை. ஊரில் எங்களை விட்டால் அந்த ஆட்கள் யாரும் கிடையாது. அதனாலேயே அது வளர்ந்தது. மூங்கில் தொப்பி ஒன்று செய்துகொண்டார். பர்மாப் பெண்கள் பூசுவது மாதிரி கன்னத்தில் மஞ்சள் சாந்து பூசிக்கொண்டார். வாலாஜாபாத், உத்திரமேரூர் என்று வெளியூரிலும் "பர்மா ட்ரூப்" என்றே எங்களை அழைக்க ஆரம்பித்தார்கள்.

என் அம்மா ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. அவளுக்கு ஆசைதான். மகன் வாசிப்பதை மேடையில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கூட்டம் அதிகம், தூரம் அதிகம், கொசு அதிகம் என்று நான் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பேன். அம்மா காலையில் வீட்டில் கன்னத்தில் பூசிக்கொள்ளும் சாந்தும் சம்பந்தம் அண்ணன் மேடையில் பூசிக்கொள்வதும் ஒரே நிறம். அதை அவள் பார்க்கக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

4. மூன்றாவது வரிசை

நாங்கள் குடியிருந்தது கன்னியப்பர் வீட்டில் ஒரு போர்ஷன். வீட்டுக்குள் தறிகள். அம்மா அவர்களுக்கு ஊடைக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள். பட்டு நூலைக் குச்சியில் சுற்றும் வேலை அது, நாள் முழுக்க ராட்டை முன்னால் உட்கார வேண்டும். கன்னியப்பர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வரவேற்புக்கு எங்கள் ட்ரூப்பையே பேசிவிட்டார். "நம்ம வூட்டுப் புள்ள வாசிக்கிற ட்ரூப்பு இருக்கும்போது வெளியாளு எதுக்கு?" என்றார்.

இந்த முறை என்ன சொல்லி அம்மாவை நிறுத்துவது? கல்யாணமே அவள் இருக்கும் வீட்டில்.

அன்று சாயங்காலம் நாற்காலிகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

"யார் யாருபா?" என்றார் சம்பந்தம் அண்ணன்.

"சேட்டு இல்ல. பாய் இல்ல. மாப்பிள்ள வூட்டுக்காரங்க எல்லாம் அரக்கோணம் பக்கம். பர்மா ஐட்டம் வேணாம்ணா. ஆளு இருக்காங்க."

"பர்மாக்காரங்களா? யாரு?"

"எங்கம்மா. மூணாவது வரிசை."

அவர் எட்டிப் பார்த்தார். வீட்டுக்கார அம்மா பச்சையம்மா, தன் பக்கத்து நாற்காலியிலேயே அம்மாவை உட்கார வைத்திருந்தார். "மாயம்மா, நீ முன்னாடி குந்து, புள்ள வாசிக்கிறத நல்லா பாக்க வாணாமா?" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அம்மா தலை நிறையப் பூ வைத்திருந்தாள். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தரா இருந்தாலும் ரூலு ரூலுதான்" என்றார் அண்ணன். தொப்பியைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். எனக்கு உயிர் வந்தது.

நான்கைந்து பாட்டு நன்றாகப் போயிற்று. அம்மா என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் கேப்பில் அண்ணன் சேட்டு ஐட்டம் செய்தார். நான் தட்டினேன், சிரித்தார்கள். இரண்டாவது கேப்பில் மாப்பிள்ளை பக்கத்திலிருந்து யாரோ "பர்மா!" என்று குரல் கொடுத்தார்கள். இன்னொருவர் விசில் அடித்தார். அப்புறம் அந்தப் பக்கமே "பர்மா, பர்மா" என்று தொடையைத் தட்ட ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் மாமா மேடைக்கு ஏறி வந்து மாஸ்டரிடம் சொன்னார்: "இன்னா மாஸ்டர், அதப் பாக்கத்தானே இத்தினி பேரு வந்திருக்காங்க? சம்பந்தி வூட்ல எங்க மானத்த வாங்காதீங்க."

மாஸ்டர் சம்பந்தம் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணன் பெட்டியைத் திறந்தார். என் பக்கம் குனிந்து, மைக்கில் விழாமல், "ரெண்டே ஜோக்குபா. சுருக்கா முடிச்சிடறேன்" என்றார்.

தொப்பி வைத்தார். கன்னத்தில் சாந்தை அப்பிக்கொண்டார். கண்ணை இழுத்தார். மூக்கால் பேசினார். தொப்பிக்கே கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு முதல் ஜோக்கு, அதே நாய்க்குட்டி. கடைசிச் சொல்லை விட்டுவிட்டு, வழக்கம்போலத் தட்டுக்காக நின்றார்.

நான் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இதை நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. கை எழவில்லை, அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்து, மற்றவர்கள் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஜோக்கு முடிந்ததா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்று புரியாமல் மூஞ்சியை மூஞ்சி பார்த்தார்கள். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். மாஸ்டர் அக்கார்டியனுக்கு மேலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு "தட்டுடா" என்றார். அண்ணன் இரண்டாவது ஜோக்கைச் சொன்னார், பாம்பு தின்பது. சொல்லிவிட்டு நின்றார். நான் தட்டவில்லை. யாரோ இருமினார்கள். தொப்பியோடும் சாந்தோடும் ஒரு நடுவயது மனிதர் மைக் முன்னால் நிற்பது மட்டும்தான் தெரிந்தது. இத்தனை நாளும் அதுதான் அங்கே இருந்திருக்கிறது. என் தட்டு அதை மறைத்திருக்கிறது.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. ஒரே ஒரு ஆள். கையையும் தட்டிக்கொண்டு, பலமாக.

என் அம்மா.

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மேடையைப் பார்த்தார்கள். மறுபடி அவளைப் பார்த்தார்கள். பச்சையம்மா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே, மற்றவர்களையும் சிரிக்கச் சொல்லிக் கூப்பிடுவது போல இரண்டு பக்கமும் பார்த்தாள்.

சம்பந்தம் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். "அடுத்தது டூயட் பாட்டு" என்று மட்டும் மைக்கில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

5. மறுநாள்

காலையில் அம்மா ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சாந்து இருந்தது. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். அம்மா பேசும் தமிழை அவள் பேசியபடியே நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் ஒரு ஐட்டம் ஆகிவிடும். சொன்ன விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

ஏன் சிரித்தாய் என்று கேட்டேன். யாருமே சிரிக்கவில்லை, அந்த மனுஷன் வேர்த்து நின்றான், மாஸ்டர் உன்னை முறைத்தார், உன் வேலை போய்விடும் என்று பயந்து சிரித்தேன் என்றாள்.

அவர் சொன்னது புரிந்ததா என்று கேட்டேன்.

புரிந்தது என்றாள். ராட்டையை நிறுத்தாமலே சொன்னாள். தெருக்குழாயில் நான் குடம் வைக்கும்போது தினமும் இதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள், அங்கே பாங்கோஸ்கூட வேண்டியதில்லை என்றாள்.

நான் எதை ஒளித்து வைக்கப் பாடுபட்டேனோ அது அவளுக்குத் தினசரி விஷயம். அவளும் எனக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்து வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் மாஸ்டர் தன் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சம்பந்தம் அண்ணன் ஏற்கெனவே அங்கே இருந்தார்.

"இன்னாபா நெனச்சுக்கினு இருக்கிற? மேடையில தாளக்காரன் கையக் கட்டிக்கினா ட்ரூப்பு நாறிப் பூடும். இஷ்டம் இருந்தா வாசி, இல்லாட்டி பாங்கோஸ வெச்சிட்டுப் போ" என்றார் மாஸ்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தம் அண்ணன் பேசினார். "மாஸ்டர், பையன அனுப்பறதுன்னா என்னையும் அனுப்பிடுங்க. நான் எத்தினியோ சிரிப்பு கேட்டிருக்கேன். அந்தம்மா நேத்து எனக்காகச் சிரிச்சாங்க பாருங்க, அத என்னால தாங்க முடியல. நான் அவங்க புள்ளையையே மேடையில வெச்சிக்கினு நாய் திங்கிறவன்னு சொல்றேன், அவங்க என்னைக் காப்பாத்தறாங்க."

மாஸ்டர் அக்கார்டியனைப் பெட்டியில் வைத்து மூடினார். "சரி, அந்தக் கருமத்த விட்டுத் தொலைங்க" என்றார். என் வேலை பிழைத்தது.

6. எல்லாரும் இருக்காங்க

விட்டது பர்மா ஐட்டத்தை மட்டும்தான். அடுத்த கச்சேரியில் அண்ணன் பழையபடி, "யார் யார் இருக்காங்கனு பாத்துட்டு வாபா" என்றார். உள்ளே ஒரு சுற்று சுற்றினேன். சேட்டு இல்லை, பாய் இல்லை, நாயர் இல்லை. வந்து, "எல்லாரும் இருக்காங்கண்ணா" என்றேன்.

"சேட்டுமா?"

"எல்லாரும்."

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தானே போய்ப் பார்த்திருக்கலாம், இருபதடி தூரம்தான். போகவில்லை. அன்று குடிகாரன் ஐட்டம் செய்தார். அடுத்த கச்சேரியிலும் கேட்டார். எல்லாரும் இருக்காங்க என்றேன். அதற்கடுத்ததிலும் அதேதான். "எப்பப் பாத்தாலும் எல்லாரும் இருந்தா நான் யாரடா வெச்சிக்கினு பொழைக்கிறது?" என்று கத்தினார்.

முழுக்கத் திருந்திவிட்டார் என்று கதை கட்ட மாட்டேன். வெளியூரில் கூட்டம் மந்தமாக இருந்தால் சேட்டு ஐட்டம் எட்டிப் பார்க்கும். அப்போதெல்லாம் என் கை முழங்காலில் இருக்கும். திட்டுவார். சில கல்யாணங்கள் எங்களை விட்டு வேறு ட்ரூப்புக்குப் போயின. அதற்காக மாஸ்டர் எங்கள் இருவரையும் ரொம்ப நாள் குத்திக் காட்டினார்.

ஆனால் வேறு வழியில்லாமல் அண்ணன் ஒன்று செய்தார். அத்தனை ஐட்டத்திலும் அவர் கை வைக்காத ஆட்கள் ஒரே ஒரு கூட்டம்தான், அவருடைய ஆட்கள். ஒரு பொங்கலுக்கு நெசவாளர் சங்கத்தில் பகல் கச்சேரி. உட்கார்ந்திருந்தவர்கள் பாதிக்கு மேல் தறிக்காரர்கள். தொப்பி இல்லை, சாந்து இல்லை. மைக் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சாப்பிட்ட மயக்கத்தில் தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு தூங்கி விழுந்த கதையைச் சொன்னார். முதலாளி வரும் சத்தம் கேட்டு, கண்ணைத் திறக்காமலே ஊடை நூல் ஓட்டும் நாடாவை வீச, அது முதலாளி மடியில் போய் விழுந்ததைச் செய்து காட்டினார். "யாருபா அந்த சோம்பேறினு கேக்காதீங்க. எங்க அப்பாவுக்கு ஒரே புள்ள, அது நான்தான்" என்றார்.

அம்மா அன்றைக்கும் வந்திருந்தாள். பச்சையம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். தறிக்குழியும் நாடாவும் அவள் தினமும் பார்ப்பது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். கல்யாணத்தில் சிரித்த சிரிப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்று வந்தது கையிலிருந்தும் தொண்டையிலிருந்தும். இது வயிற்றிலிருந்து வந்தது. நான் தட்டக் கையைத் தூக்குவதற்குள் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். என் தட்டு பின்னால் விழுந்தது. தொழிலில் அது தப்பு. எனக்கு அன்றைக்கு அதைவிடச் சந்தோஷமான தப்பு கிடையாது.

இப்போது ரிதம் பேடு வாசிக்கும் பிள்ளைகள், காமெடி ஷோவுக்குப் போகும் பிள்ளைகள், சில பேர் என்னைத் தேடி வந்து பழைய காலத்து டிப்ஸ் கேட்கிறார்கள். வாசிப்பில் நான் கற்றுக்கொடுக்க இனி ஒன்றுமில்லை, அவர்கள் என்னைவிட வேகம். ஒன்றே ஒன்று சொல்வேன். ஷோவுக்கு முன்னால் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று உங்களை யாராவது பார்த்துவரச் சொன்னால், பார்க்கவே போக வேண்டாம். எல்லாரும் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். பொய்யாகாது. கேட்க ஆளே கிடையாது என்று நாங்கள் வளர்த்த பர்மா ஐட்டத்துக்கும், ஒருநாள் மூன்றாவது வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள்.